முழம் போடாத கயிறு

அத்தியாயம் பதினொன்று

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வரைக்கும் நிற்கிற மரங்களில் தன்னைக் கண்டு தலை வணங்காத மரம் ஒன்றுகூடக் கிடையாது என்பது வீரய்யாவின் வாக்கு. இதை அவன் சிரிக்காமல் சொல்வான். காற்றடித்தால் எல்லா மரமும் எல்லாருக்கும்தான் தலை வணங்குகிறது என்பதைச் செம்பாறைத் தோட்டத்தில் இதுவரை யாரும் அவனுக்கு எடுத்துச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், காற்று தன்னைக் கேட்டுக்கொண்டுதான் அடிக்கிறது என்று பதில் வந்திருக்கும்.

அப்படிப்பட்ட வீரய்யாவுக்கும் அவன் தங்கை நாகலெட்சுமியின் புருசன் சின்னராசாவுக்கும் மூண்ட சண்டையைப் போன வாரம் பார்த்தோம். இரண்டு பேரும் தோட்டத்தில் மரக்கிளை வெட்டுகிறவர்கள். வீரய்யா பேசிக்கொண்டே வெட்டுவான். சின்னராசா பேசாமல் வெட்டுவான். சண்டைக்கு இது மட்டும் காரணமில்லை.

மரத்தில் ஏறுமுன் சின்னராசா கயிற்றைத் தரையில் நீளமாகப் போட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழம் முழமாக விரலுக்குள் விட்டுத் தடவிப் பார்ப்பான். எண்பது முழம். பிறகு தாழ்ந்த கிளை ஒன்றில் அதை மாட்டி, தரைக்கு ஒரு சாண் மேலே தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்குவான். ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்து செத்தவன் இல்லை என்பது அவன் கணக்கு. அதற்குப் பிறகுதான் மரம்.

வீரய்யா பக்கத்தில் நின்றுகொண்டு, மல்லிகைப்பூ முழம் என்ன விலை என்று கேட்பான். சின்னராசாவுக்குப் பூக்காரி என்று பெயரும் வைத்தான். அதோடு விட்டிருக்கலாம். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் நூறு பேர் முன்னால், தான் சுருட்டி வைத்த கயிற்றைச் சந்தேகப்படுகிறவன் தன் தங்கச்சியையும் ஒரு நாள் சந்தேகப்படுவான் என்று ஒரு போடு போட்டான். கயிற்றுக்கும் தங்கச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் விளங்கவில்லை. விளங்காததாலேயே அது பெரிய பேச்சாகிவிட்டது. நாகலெட்சுமி நான்கு நாள் அழுதாள். ஐந்தாம் நாள் இரண்டு வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, நடந்ததை மறந்துவிடுவது என்று தீர்மானித்தார்கள்.

அந்தத் தீர்மானத்தால் செம்பாறையில் எல்லாருக்கும் நிம்மதி. வீரய்யாவின் மனைவி காளியாயி ஒருத்திக்குத்தான் இன்று காலையிலிருந்து அது இல்லை.

காரணம், அந்தக் கயிறு.

நேற்றுச் சாயங்காலம் வீரய்யா வேலை முடிந்து வந்து, மழையில் ஊறிய கயிற்றை வாசலில் அப்படியே எறிந்துவிட்டு, அந்தோனியார் கோயில் பக்கம் யாருக்கோ ஏதோ சொல்லப் போய்விட்டான். மலைநாட்டில் வைகாசி மாதம் ஈரமான ஒரு பொருள் காய்வதற்கு ஒரே ஒரு இடம்தான் உண்டு. கொழுந்து எடுக்கப் போகும்போது போர்த்துகிற கம்பளி, பிள்ளையின் சட்டை, விறகு, புளி எல்லாம் அங்கேதான் காயும். காளியாயி கயிற்றையும் அடுப்புக்கு மேலே இருந்த மூங்கில் பரணில் போட்டாள். புருசன் காலையில் காய்ந்த கயிற்றோடு போகட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது வீட்டுக்குள் ஒரு வாசனை.

கயிற்றின் மடிப்பு ஒன்று சரிந்து, எரிகிற விறகின்மேல் கிடந்தது. சுவாலை இல்லை. ஊதுபத்தி மாதிரி அடக்கமாகப் புகைந்துகொண்டிருந்தது. தண்ணீரை ஊற்றி எடுத்துப் பார்த்தாள். ஒரு சாண் நீளத்துக்குக் கருப்பு. சாம்பலும் சவுக்காரமும் போட்டுத் தேய்த்தாள். கருப்பு போய்விட்டது. பார்த்தால் தெரியாது. தொட்டால்தான் தெரியும். மற்ற இடமெல்லாம் கயிறாக இருந்தது. அந்த ஒரு சாண் மட்டும் முறுக்கு மாதிரி மொறமொறவென்று இருந்தது.

வீரய்யா அடிக்கிற புருசன் அல்ல, பேசுகிற புருசன். சிம்னி விளக்கு உடைந்ததற்கு மூன்று நாள் பேசியவன். கயிறு கருகியதற்கு எத்தனை நாள் என்று காளியாயி யோசித்துப் பார்த்தாள். யோசனை ஆடி மாதம் வரை போயிற்று. கருகிய இடம் சுருளுக்குள் மறைகிற மாதிரி கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினாள்.

அவள் ஒன்றும் மனசாட்சி இல்லாதவள் அல்ல. அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. சின்னராசா எப்படியும் முழம் போடுவான். அவன் விரல் அந்த இடத்தில் நிற்கும். கயிறு போச்சு என்று அவனே சொல்லிவிடுவான். வீரய்யா சின்னராசாவோடு பேசித் தீர்த்துக்கொள்வான். தன் வாயால் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

காலையில் வீரய்யா சுருளைத் தோளில் மாட்டியபோது அவள் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று ஒருமுறை வாயைத் திறந்தாள். அவன் பெரிய துரை தன்னிடம் என்ன சொன்னார், தான் துரையிடம் என்ன சொன்னான் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டாள்.

துரை சொன்னது இவ்வளவுதான்: பத்தாம் நம்பர் லயத்துக்குப் பின்னால் நிற்கிற பெரிய தைல மரத்தின் கிளை ஒன்று போன வாரக் காற்றில் அடியில் பிளந்து விரிந்து, பன்னிரண்டு வீட்டுத் தகரத்துக்கு மேலே தொங்குகிறது. அடுத்த காற்றுக்கு முன்னால் அதைத் துண்டு துண்டாக இறக்க வேண்டும். வீரய்யா துரைக்குச் சொன்னது, அந்தக் கிளை மத்தியானத்துக்குள் அடுப்பில் எரியும் என்று.

ஏழாம் நம்பர் மலையில் நின்று பார்த்தால் அந்த மரத்தின் தலை மட்டும் தெரியும். காளியாயி நிரையில் நின்று கொழுந்தைக் கிள்ளினாளே தவிர, காதை மரத்தடியில் வைத்திருந்தாள். வீரய்யா சத்தம் போட்டால் ஏழாம் நம்பருக்கு மட்டுமல்ல, அடுத்த தோட்டத்துக்கும் கேட்கும். கயிற்றைக் கண்டுபிடித்ததும் அந்தச் சத்தம் வரும். வந்துவிட்டால் நிம்மதி. தன் கல்யாண வாழ்க்கையில் புருசன் திட்டமாட்டானா என்று அவள் ஏங்கிக் காத்திருந்தது அன்றைக்குத்தான்.

எட்டு மணிச் சங்கு ஊதியது. சத்தம் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, டொக், டொக் என்று கத்தி மரத்தில் விழும் ஓசை வந்தது.

கத்திச் சத்தம் கேட்கிறது. திட்டுச் சத்தம் கேட்கவில்லை. அப்படியென்றால் சின்னராசா கண்டுபிடித்து, சண்டை வேண்டாமென்று பேசாமல் வேறு கயிறு மாற்றியிருப்பான். அவன் குணம் அப்படித்தான். அப்படித்தான் இருக்க வேண்டும். இதையே ஏழெட்டுத் தடவை தனக்குள் சொல்லிக்கொண்டாள். எட்டாவது தடவை சொல்லும்போது முற்றிய இலையையும் சேர்த்துக் கிள்ளினாள்.

புருசனுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு நாகலெட்சுமி அப்போதுதான் நிரைக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. பத்து நாளாக அந்த முகத்தில் காணாத சிரிப்பு.

"அண்ணி, ஒரு சேதி தெரியுமா? இன்னைக்கு இவரு முழம் போடல."

காளியாயியின் கை கொழுந்தோடு அப்படியே நின்றது. "என்னடி சொல்ற?"

"அண்ணன் கயித்த நீட்டி, முழுசா நானே பாத்துட்டேன் மாப்பிள்ளன்னாரு. இவரு கயித்தப் பாத்தாரு, அப்புறம் அண்ணன் மூஞ்சியப் பாத்தாரு. பேசாம வாங்கி இடுப்புல கட்டிக்கிட்டாரு. தொங்கிக்கூடப் பாக்கல அண்ணி. எங் கண்ணால பாத்தேன். இனி ரெண்டு வீட்டுக்கும் சண்டையே வராது."

காளியாயி கூடையின் கயிற்றைத் தலையிலிருந்து எடுத்தாள். அரைக்கூடைக் கொழுந்து தேயிலைச் செடிகளின் மேல் கொட்டிற்று. கொட்டியதை அவள் பார்க்கவில்லை. ஓடத் தொடங்கியிருந்தாள்.

மலையில் நின்ற கங்காணி பின்னாலிருந்து என்னவோ கத்தினார். அரைநாள் சம்பளம்தான், அரைப்பேர் என்றோ, பெயர் வெட்டுவேன் என்றோ காதில் விழுந்தது. நாகலெட்சுமி கூப்பிட்டுக்கொண்டே பின்னால் வந்தாள். காளியாயி குறுக்குப் பாதையில் இறங்கி, வடிகானைத் தாண்டி, ஈர மண்ணில் இரண்டு தடவை சறுக்கி விழுந்து எழுந்தாள். முழங்கால் கிழிந்தது. கத்திச் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நின்றுவிடுமோ என்ற பயத்தில் அவள் ஓடினாள். அது நிற்கவில்லையே என்ற பயத்திலும் ஓடினாள்.

பத்தாம் நம்பர் லயத்துப் பன்னிரண்டு வீட்டுச் சனமும் சட்டி பானை, ஆட்டுக்கல், கோழிக்கூடு சகிதம் எதிர்மேட்டில் குந்தியிருந்தது. தைல மரம் பட்டை உரிந்து வழவழவென்று நின்றது. சுமார் முப்பது முழ உயரத்தில், விரிந்த கிளையின் நடுவில், சின்னராசா குதிரைமேல் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தான். கிளையின் நுனியைக் கத்தியால் கழித்து முடித்துவிட்டு, கைவாளை எடுத்து அடியிலிருந்து மேலாக அறுத்துக்கொண்டிருந்தான். முதலில் அடியில் அறுத்துவிட்டுப் பிறகு மேலே அறுத்தால்தான் துண்டு பட்டையைக் கிழித்துக்கொண்டு ஆள்மேல் வராது. கத்தியும் வாளும் இடுப்பில் தனித்தனி நூலால் கட்டப்பட்டிருந்தன.

அவன் இடுப்பிலிருந்து கயிறு மேலே போய், அடிமரத்தின் உச்சியில் கிளை பிரியும் கவை ஒன்றில் விழுந்து, அங்கிருந்து கீழே இறங்கி, பழைய வேர்க்கட்டை ஒன்றை ஒரு சுற்றுச் சுற்றி வீரய்யாவின் கைக்கு வந்தது. விரிந்த கிளைக்கு எடை குறைந்த ஆள்தான் போக வேண்டும் என்பதால் சின்னராசா மேலே; கனத்த ஆள் கயிறு பிடிக்க வேண்டும் என்பதால் வீரய்யா கீழே. கிளை விட்டாலும் கயிறு விடாது. அந்த நம்பிக்கையில்தான் விரிந்த கிளையில் ஒரு மனிதன் உட்கார முடியும்.

வீரய்யா உள்ளங்கையில் சாக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு, மேலே கயிறு கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற ஆண்டியப்பன் கங்காணிக்கு, பொகவந்தலாவைப் பக்கம் ஒரு மரத்தைத் தான் பார்வையாலேயே எப்படிச் சாய்த்தான் என்பதை விவரித்துக்கொண்டிருந்தான். கதையில் மரம் பாதி சாய்ந்திருந்த இடத்தில் காளியாயி வந்து சேர்ந்தாள்.

சத்தமாகச் சொல்ல அவளுக்கு மூச்சில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று.

"ஏங்க, கயிறு அடுப்புல விழுந்திருச்சு."

"எந்தக் கயிறு?"

"இந்தக் கயிறு."

மிச்சத்தை அவள் எப்படிச் சொன்னாள் என்பது அவளுக்கே பிறகு நினைவில்லை. பரண், பீலி, சாம்பல், சவுக்காரம் எல்லாம் முன்பின்னாக வந்தன. சின்னராசா தம்பி பார்த்துவிடுவார் என்று நினைத்தேன் என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னாள்.

வீரய்யா அவளையே பார்த்தான். அவன் திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். திட்டவில்லை. உதடு அசைந்தது, எதுவும் வரவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் அவன் வாயடைத்து அவள் பார்த்ததில்லை. அந்த மௌனத்தைக் கண்டபோதுதான் அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது. இதுவரை இருந்ததெல்லாம் அதற்கு முன்பணம் மாதிரி.

"நீங்க பாத்தீங்கதானே?" என்று கேட்டாள். "தம்பிகிட்ட பாத்தேன்னு சொன்னீங்களாமே."

அவன் கயிற்றை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காலடியில் கிடந்த மிச்சச் சுருளைக் கண்ணால் காட்டினான்.

காளியாயி மண்டியிட்டுச் சுருளைக் கையில் எடுத்தாள். அவள் விரலுக்கு அந்த இடம் தெரியும். முழம் முழமாகத் தடவினாள். ஈரம், மிருது, ஈரம், மிருது. பதினான்கு முழம் இருந்தது. அதில் இல்லை. வீரய்யாவின் கையிலிருந்து கட்டை வரை தடவினாள். இல்லை. கட்டையிலிருந்து மேலே, நுனிக்காலில் நின்று கை எட்டும் வரை தடவினாள்.

இல்லை.

அந்த ஒரு சாண் எப்போதோ வீரய்யாவின் சாக்குச் சுற்றிய கைக்குள் புகுந்து, பொகவந்தலாவைக் கதை நடந்துகொண்டிருக்கும்போதே மேலே போய்விட்டிருந்தது.

நாகலெட்சுமி வந்து சேர்ந்து, மூச்சு வாங்க இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள்.  அண்ணி கயிற்றைத் தடவுவதையும், அண்ணன் பேசாமல் நிற்பதையும் பார்த்தவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டிய தேவை இல்லை. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

மரத்தில் ஆள் இருக்கும்போது கீழே இருப்பவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. பெயரைக் கேட்டால் மனிதன் திரும்பிப் பார்ப்பான். திரும்பினால் பிடி நழுவும். அதனால் கோடாலிக் காம்பால் அடிமரத்தில் தட்டுவார்கள். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் இறங்கு. புருசன் பெயரைச் சொல்லாத பழக்கம் நாகலெட்சுமிக்குக் கல்யாணத்தன்றே வந்துவிட்டதால், அந்த விஷயத்தில் அவளைப்போல இந்தத் தொழிலுக்கு ஏற்ற பெண் வேறில்லை. இப்போது மட்டும் அந்தப் பெயர் அவள் தொண்டை வரை வந்து நின்றது. விழுங்கினாள்.

வீரய்யா காம்பை எடுத்து ஒரு தட்டுத் தட்டினான்.

மேலே வாள் நின்றது. சின்னராசா கீழே பார்க்கவில்லை. அடுத்த தட்டுக்காகக் காத்திருந்தான்.

வீரய்யாவின் கை ஓங்கியபடியே நின்றது. இரண்டாவது தட்டுத் தட்டினால் சின்னராசா இறங்குவான். இறங்குவதென்றால் கயிற்றில் சாய்ந்துதான் இறங்க வேண்டும். கயிறு சரியில்லை என்பதற்கு எத்தனை தட்டு என்று இந்தத் தொழிலில் யாரும் ஏற்பாடு செய்து வைக்கவில்லை. அது ஏறுமுன்பே தெரிந்திருக்க வேண்டிய சமாச்சாரம்.

 கங்காணி என்னடா என்று கேட்டார். வீரய்யா காம்பைக் கீழே போட்டான்.  

"மாப்பிள்ள," என்றான். அது அவனுடைய குரல் மாதிரியே இல்லை. "அசையாத. கயித்துல சாயாத. கயிறு நெருப்புல பட்டிருக்கு."

மேலே கைவாள் நூலில் தொங்கி ஆடியது.

"நான் பாக்கல மாப்பிள்ள. பாத்தேன்னு சொன்னது பொய்யி."

அவ்வளவு சனத்துக்கு முன்னால் அவன் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும். யாரும் சிரிக்கவில்லை.

சின்னராசா மெல்லக் குனிந்து, வயிற்றைக் கிளையோடு ஒட்டிப் படுத்தான். இரண்டு கையாலும் கிளையைக் கட்டிக்கொண்டான்.  பிறகு மேலேயிருந்து குரல் வந்தது. அதில் கோபம் இருந்திருந்தால் காளியாயிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எத்தனாவது முழம்?"

வீரய்யா காளியாயியைப் பார்த்தான். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்குத் தெரியாது. கயிற்றை முழம் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதைக் கேலி செய்வதைத்தான் வீட்டில் கேட்டிருக்கிறாள்.

"தெரியல தம்பி," என்றாள். "நடுவுல எங்கயோ. ஒரு சாண். கண்ணுக்குத் தெரியாது, தொட்டா மொறமொறங்கும்."

சின்னராசா ஒரு கையைக் கிளையிலிருந்து எடுத்தான். இடுப்பு முடிச்சிலிருந்து மேலே, கை எட்டும் தூரம் வரை தடவினான். நான்கு விரல், நான்கு விரலாக. அவசரமே படவில்லை. கீழே நின்றவர்களின் மூச்சு அவன் விரலோடு சேர்ந்து போயிற்று.

"எங் கைக்கு எட்டற மட்டும் இல்ல அக்கா," என்றான்.

அப்படியென்றால் அது இன்னும் மேலே இருக்கிறது. ஒருவேளை கவையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு தடவை கயிறு இழுபடும்போதும் மரம் அதைத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

அவன் எப்போதும் இடுப்பில் இன்னொரு சின்னக் கயிறு வைத்திருப்பான். மூன்று முழம் இருக்கும். வீரய்யா அதற்கு ரெண்டாந்தாரம் என்று பெயர் வைத்திருந்தான். அதை அவிழ்த்துக் கிளையைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். இப்போது அவன் கிளையோடு பத்திரமாகக் கட்டப்பட்டிருந்தான். கிளை எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி.

அடிமரத்தை நோக்கி ஒரு சாண் பின்னால் நகர்ந்து பார்த்தான். விரிந்த இடம் அவனுக்கும் அடிமரத்துக்கும் நடுவில் இருந்தது. அங்கிருந்து கதவு திறப்பது மாதிரி ஒரு சத்தம் வந்தது, நீளமாக. அவன் நின்றுவிட்டான். எதிர்மேட்டில் ஒரு பெண் முருகா என்றாள்.

"வேற கயிறு வேணும் மச்சான்," என்று மேலேயிருந்து சொன்னான். "யாராவது கவை வரைக்கும் கொண்டாந்து, அங்க மாட்டி, முனைய எனக்கு விடணும். எங்க வீட்டுக் கதவுக்குப் பின்னாடி பழைய கயிறு இருக்கு."

அவன் சொல்லி முடிக்குமுன் நாகலெட்சுமி ஓடிவிட்டிருந்தாள்.

யாராவது என்று அவன் சொன்னாலும், அந்தக் கவை வரைக்கும் ஏறத் தெரிந்தவர்கள் செம்பாறையில் இரண்டே பேர். ஒருவன் மேலே இருந்தான். வீரய்யா தன் கையிலிருந்த கயிற்றைக் கட்டையில் இறுக்கிக் கட்டி, அசைக்காமல் பிடித்துக்கொள்ளும்படி லயத்து ஆட்கள் இருவரிடம் ஒப்படைத்தான்.  சாக்குத் துண்டு சுற்றிய கையை வேட்டியில் துடைத்தான். துடைக்க அதில் எதுவும் இல்லை.

மஸ்கெலியாப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறி வந்துகொண்டிருந்தது. முதலில் ஏழாம் நம்பர் மலை மறைந்தது. பிறகு கோயில் மறைந்தது. மூட்டத்துக்கு முன்னால் வழக்கம்போல ஒரு காற்று வந்தது. பெரிய காற்றில்லை, விளக்கை அணைக்கிற அளவுதான். தைல மரத்தின் உரிந்த பட்டைகள் சலசலத்தன. கிளை ஒருமுறை தாழ்ந்து எழும்பியது. சின்னராசாவின் கால்கள் கிளையை இன்னும் இறுக்கிக்கொண்டன.

காளியாயியால் அந்தக் கால்களைப் பார்க்க முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. நேற்றுச் சாயங்காலம் ஒரு வார்த்தை. இன்று காலையில் ஒரு வார்த்தை. ஆடி வரைக்குமான ஏச்சுக்குப் பயந்தவளுக்கு ஆயுள் முழுக்க என்ன காத்திருக்கிறது என்பதை அந்த இரண்டு பாதங்கள் தீர்மானிக்கப் போகின்றன.

நாகலெட்சுமி கயிற்றோடு வந்தாள். தேங்காய்த் தும்புக் கயிறு, பழுப்பேறியது, சுருள் கச்சிதமாக இருந்தது. அண்ணன் கையில் கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏறு வீரய்யா," என்றார் கங்காணி. "மூட்டம் மூடிருச்சுன்னா கவை தெரியாது."

வீரய்யா மரத்தைப் பார்த்தான். மேலே பார்த்தான். பிறகு கையிலிருந்த சுருளைப் பார்த்தான்.

"இது சின்னராசா கயிறுடா. அவன் பாக்காம வச்சிருப்பானா? ஏறு, ஏறு," என்றார் கங்காணி.

எதிர்மேட்டிலிருந்தும் ஏறு, ஏறு என்று குரல்கள் வந்தன. கங்காணி சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. காலையில் சின்னராசாவும் இப்படித்தான் நினைத்திருப்பான். நேற்றுச் சாயங்காலம் காளியாயியும் இப்படித்தான் நினைத்தாள்.

வீரய்யா வேர்க்கட்டையின் மேல் உட்கார்ந்தான்.

கையில் சுற்றியிருந்த சாக்கைப் பல்லால் அவிழ்த்துத் துப்பினான். கயிற்றின் முனையைத் தேடி எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, முழங்கை வரை நீட்டினான். ஒன்று. விரலை எடுக்காமல் அடுத்ததற்கு நகர்த்தினான். இரண்டு.

கங்காணிக்குத் தலைகால் புரியவில்லை. "பைத்தியமாடா உனக்கு? அங்க மனுசன் தொங்கறான்," என்றார். வீரய்யா நிமிரவில்லை. அவன் உதடுகள் மட்டும் அசைந்தன. எட்டு. ஒன்பது. நாகலெட்சுமி எதிரில் வந்து குந்தினாள். சிக்கு விழாமல் சுருளை அவிழ்த்து அவன் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தாள். 

பத்தொன்பதில் மூட்டம் தகரக்கூரைக்கு வந்தது. இருபத்தாறில் மரத்தின் தலை போயிற்று. முப்பத்தொன்றில் சின்னராசா இருந்த இடம் வெள்ளையாகிவிட்டது. அங்கே ஆள் இருக்கிறான் என்பதற்கு, கட்டையில் கட்டிய கயிறு லேசாகத் துடிப்பது ஒன்றுதான் சாட்சி. காளியாயி அந்தத் துடிப்பின் மேல் கண்ணை வைத்துக்கொண்டாள்.

முப்பத்தெட்டு. அவள் புருசனின் நெற்றியிலிருந்து வியர்வை கயிற்றின்மேல் சொட்டியது. அவன் அதைத் துடைத்துவிட்டு அந்த இடத்தை இன்னொரு தடவை தடவினான்.

மூட்டத்துக்குள் கிளை மறுபடியும் முனகியது. இந்தத் தடவை முனகல் பாதியில் நிற்காமல், ஒரு சின்ன முறிவோடு முடிந்தது. கங்காணி, லயத்துச் சனம், கயிற்றைப் பிடித்திருந்த இரண்டு பேர், எல்லாத் தலைகளும் மேலே நிமிர்ந்தன. நாகலெட்சுமி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவள் கை மட்டும் கயிற்றைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தது.

வீரய்யாவின் தலை குனிந்தபடியே இருந்தது. நாற்பத்தொன்றாவது முழத்தில் அவன் விரல் நின்றது. நாற்பதுக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து மெதுவாகத் தடவிக்கொண்டு வந்தது.